தச்சர் இருந்தார், சரி... அப்புறம்?

போன இதழில் ஒரு வாசகர், “நீங்கள் நாத்திகர்தானே, இயேசு என்று ஒருவர் உண்மையில் வாழ்ந்ததாக நினைக்கிறீர்களா?” என்று கேட்டிருந்தார். “வாழ்ந்தார் என்றுதான் நினைக்கிறேன்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இரண்டு பக்கமிருந்தும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். “கடைசியில் ஒப்புக்கொண்டீர்களே, ஆண்டவர் உங்களோடு பேச ஆரம்பித்துவிட்டார்” என்று ஒரு பக்கம் வாழ்த்து. “நீங்களுமா? எவ்வளவு வாங்கினீர்கள்?” என்று இன்னொரு பக்கம் வசவு. ஆள் இருந்தார் என்றால் கடவுளும் இருந்துவிடுவார் என்று இரண்டு தரப்பும் எப்படியோ சேர்ந்தே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு, இதற்கு வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கே: இயேசு வாழ்ந்தாரா என்பதே சந்தேகம் என்று பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் சொல்லியிருக்கிறார். அவரைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா?

ப: தெரியாது. ஆனால் ரஸ்ஸல் 1927-ல் லண்டனில் ‘நான் ஏன் கிறிஸ்தவன் அல்ல’ என்று பேசிய பேச்சில் அதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு, நான் பேசப்போவது சுவிசேஷங்களில் (இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் பைபிளின் நான்கு நூல்களில்) வருகிற இயேசுவைப் பற்றி, வரலாற்றுச் சிக்கலுக்குள் போகவில்லை என்று நகர்ந்துவிடுகிறார். அவருடைய வாதம் அதில் நிற்கவில்லை. நாம்தான் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம்.

என்னைச் சம்மதிக்க வைத்தது ஒரு அற்புதமும் இல்லை, இயேசுவுக்குப் பின் அவரைப் பிரசங்கித்த பவுலுடைய ஒரு எரிச்சல். கலாத்தியருக்கு அவர் எழுதிய கடிதம் கி.பி. 50-களைச் சேர்ந்தது, எந்தச் சுவிசேஷத்துக்கும் முந்தியது. அதில் பவுல் சண்டைக்கு நிற்கிறார். நான் யாரிடமும் பாடம் கேட்டு வரவில்லை, எருசலேமுக்குப் போனேன், இயேசுவின் முதன்மைச் சீடர் பேதுருவோடு பதினைந்து நாள் தங்கினேன், ஆண்டவருடைய சகோதரன் யாக்கோபைத் தவிர வேறு அப்போஸ்தலர் யாரையும் பார்க்கவில்லை, பொய் சொல்லவில்லை என்று கடவுள்மேல் சத்தியம் வேறு செய்கிறார். அடுத்த அதிகாரத்தில், யாக்கோபின் ஆட்கள் வந்ததும் யூதரல்லாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு மெதுவாக நழுவியதையும், அவரை முகத்துக்கு நேரே தான் கண்டித்ததையும் போட்டு உடைக்கிறார். இது இயேசு இருந்தார் என்று நிரூபிக்க எழுதிய கடிதமே இல்லை, அதனால்தான் எனக்கு முக்கியம். கற்பனை ஆளுக்குத் தம்பி இருந்து, அந்தத் தம்பியின் ஆட்களோடு நீங்கள் பந்திச் சண்டை போட முடியாது. (சகோதரன் என்றால் ஒன்றுவிட்ட சகோதரன் என்று கத்தோலிக்கர்கள் சொல்வார்கள். சரி, ஒன்றுவிட்ட சகோதரன் இருப்பதற்கும் ஒரு ஆள் வேண்டுமே.)

இது என் தனிக் கண்டுபிடிப்பும் இல்லை. இந்தத் துறையில் வேலை செய்கிறவர்களில் மிகப் பெரும்பான்மையோர் இப்படித்தான் சொல்கிறார்கள். அமெரிக்கப் புதிய ஏற்பாட்டு ஆய்வாளர் பார்ட் எர்மன் போல, இளமையில் தீவிர விசுவாசியாக இருந்து விசுவாசத்தை விட்டவர்களும் அதில் அடக்கம்.

கே: ஜோசிபஸ் எழுதியது போலி என்று எப்போதோ நிரூபித்துவிட்டார்களே?

ப: பாதி சரி. யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் கி.பி. 93 வாக்கில் முடித்த பெரிய நூலில் இயேசு இரண்டு இடங்களில் வருகிறார். பதினெட்டாம் புத்தகத்தில் “அவரே மேசியா” (யூதர்கள் காத்திருந்த மீட்பர்) என்றே ஒரு வரி இருக்கிறது, கடைசிவரை யூதராகவே இருந்த மனிதர் அப்படி எழுதியிருக்க மாட்டார். பின்னால் கிறிஸ்தவர் யாரோ கைவைத்திருக்கிறார்கள். முழுவதும் செருகலா, அல்லது இருந்த ஒரு சிறு குறிப்பைத்தான் ஊதிப் பெரிதாக்கினார்களா என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை, பெரும்பாலோர் இரண்டாவது பக்கம். ஆனால் இருபதாம் புத்தகத்தில் வருவது வேறு மாதிரி. கி.பி. 62-ல் தலைமைக் குரு அன்னாஸ் (சுவிசேஷத்தில் வரும் அன்னாவின் மகன்) ஆளுநர் இல்லாத நேரம் பார்த்துச் சிலரைக் கல்லெறிந்து கொல்ல வைத்தார், அதில் ஒருவர் “கிறிஸ்து எனப்படும் இயேசுவின் சகோதரர் யாக்கோபு”. அவ்வளவுதான். செருகுகிறவன் இவ்வளவு வறட்சியாகவா செருகுவான்?

ஜோசிபஸைத் திறந்தால் இன்னொன்றும் தெரியும். அவர் நூல்களில் இயேசு என்ற பெயருள்ளவர்கள் ஒரு டஜனுக்கும் மேல், அந்தக் காலத்து யூதர்களிடம் அது அவ்வளவு சாதாரணப் பெயர். அதில் அனனியாவின் மகன் இயேசு என்று ஒருவர் வருகிறார். படிப்பறிவில்லாத நாட்டுப்புறத்தான். ரோமோடு போர் மூள நான்கு வருடம் முன்னால், கூடாரப் பண்டிகைக்கு எருசலேமுக்கு வந்தவர் திடீரென்று “எருசலேமுக்கு ஐயோ!” என்று கத்த ஆரம்பிக்கிறார். யூதத் தலைவர்கள் பிடித்து ரோம ஆளுநர் அல்பினுவிடம் ஒப்படைக்கிறார்கள். எலும்பு தெரிய அடிக்கிறார்கள். மன்னிப்பு கேட்கவில்லை, அழவில்லை, ஒவ்வொரு அடிக்கும் அதே “எருசலேமுக்கு ஐயோ”. பைத்தியம் என்று சொல்லி ஆளுநர் விட்டுவிட்டார். ஏழு வருடம் ஐந்து மாதம் தொண்டை கட்டாமல் கத்தியவர், ரோமர்கள் நகரத்தை முற்றுகையிட்டபோது மதில்மேல் நின்று “எனக்கும் ஐயோ” என்று முடித்த நொடியில் எறிகவண் கல் பட்டுச் செத்தார் என்கிறார் ஜோசிபஸ். கலிலேயாவிலிருந்து வந்து ஆலயத்துக்கு எதிராகப் பேசி, யூதத் தலைவர்கள் ரோமனிடம் ஒப்படைத்துச் செத்த இன்னொரு இயேசுவின் கதை அந்த மண்ணில் எவ்வளவு நடக்கக்கூடியது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

கே: உலகத்தையே புரட்டிப்போட்ட மனிதர் என்கிறார்கள். ஒரு கல்வெட்டு உண்டா? ஒரு காசு உண்டா?

ப: அவர் உயிரோடு இருந்தபோது எதையும் புரட்டவில்லை. பேரரசின் ஓரத்தில் ஒரு கிராமத்துக் கைத்தொழிலாளி, கொஞ்ச காலம் பேசினார், கொன்றுவிட்டார்கள். அவரைக் கொல்லச் சொன்ன பிலாத்துவையே பாருங்கள். பத்து வருடம் ஒரு மாகாணத்தை ஆண்டவர். அவர் பெயர் பொறித்த கல் 1961-ல்தான் செசரியா என்ற கடலோர ஊரில் கிடைத்தது, அதுவும் யாரோ பிற்காலத்தில் அதைப் பெயர்த்து அரங்கத்தின் படிக்கட்டில் வைத்துக் கட்டியிருந்தார்கள். ஆளுநரின் கதியே இது.

சிலுவையில் ரோமர்கள் ஆயிரக்கணக்கானவர்களை அறைந்தார்கள், ஆனால் எலும்போடு கிடைத்த சாட்சி மிக மிகக் குறைவு. அதில் பெயர் பெற்றது 1968-ல் எருசலேமின் வடக்கே ஒரு கல்லறைப் பெட்டியில் அகப்பட்ட குதிகால் எலும்பு. யோகனான் என்று பெட்டியில் பெயர். ஆணி இன்னும் எலும்பிலேயே இருக்கிறது, ஏனென்றால் அதன் நுனி வளைந்துபோயிருக்கிறது, பிடுங்க முடியாமல் அப்படியே புதைத்திருக்கிறார்கள். வளையாமல் இருந்திருந்தால் ஆணியை உருவியிருப்பார்கள், அவன் எப்படிச் செத்தான் என்றே நமக்குத் தெரிந்திருக்காது. ஏழைகள் வரலாற்றில் தடயம் விடுவதெல்லாம் இப்படிப்பட்ட தற்செயலால்தான்.

கே: எகிப்தியக் கடவுள் ஹோரஸ், ரோமர்கள் கும்பிட்ட மித்ரா எல்லோரும் டிசம்பர் 25-ல் கன்னிக்குப் பிறந்து, 12 சீடர்களோடு சுற்றி, மூன்றாம் நாள் எழுந்தவர்கள். அதைக் காப்பியடித்ததுதான் இயேசு கதை. இதை ஏன் எழுத மறுக்கிறீர்கள்?

ப: பொய் என்பதால். மித்ரா பாறையிலிருந்து பிறந்தவர், பாறையைக் கன்னி என்று சொல்ல உங்களுக்கு மனசு வந்தால் சொல்லுங்கள். ஹோரஸின் தாய் ஐசிஸ், செத்துப்போன கணவன் ஓசிரிஸோடு கூடித்தான் கருவுற்றாள் என்பது எகிப்தியக் கதை. பன்னிரண்டு சீடர் எந்தப் பழைய எகிப்திய ஏட்டிலும் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, டிசம்பர் 25 பைபிளிலேயே இல்லை! அந்தத் தேதி ரோமில் நாலாம் நூற்றாண்டு ஏடு ஒன்றில்தான் முதலில் தெளிவாகத் தட்டுப்படுகிறது. பைபிளில் இல்லாத தேதியை இன்னொருவரிடமிருந்து பைபிள் திருடியது என்று நிரூபிக்கிறீர்கள். பக்தர்களிடம் ஆதாரம் கேட்கிற நாம் இந்த மாதிரிச் சரக்கை வாட்ஸ்அப்பில் தள்ளிவிடும்போது எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

கே: இயேசு இந்தியாவுக்கு வந்து படித்தாராமே?

ப: 1894-ல் நிக்கோலஸ் நோட்டோவிச் என்ற ரஷ்யர் புத்தகம் போட்டார், லடாக்கின் ஹெமிஸ் மடத்தில் கால் உடைந்து படுத்திருந்தபோது இயேசுவைப் பற்றிய ஏடுகளைப் படித்துக் காட்டினார்கள் என்று. அடுத்த வருடமே ஒரு பேராசிரியர் நேரில் போய் மடத்துத் தலைமை லாமாவிடம் கேட்டார். அப்படி ஒரு ஏடும் இல்லை, அப்படி ஒரு ஆளும் வரவில்லை என்றார் லாமா. நூற்று முப்பது வருடமாக லாமாவைத் தவிர எல்லோரும் அதை நம்புகிறார்கள்.

கே: நான்கு பேர் கண்ணால் கண்டு எழுதிய சாட்சி கையில் இருக்கிறது. ஒரு கொலை வழக்குக்கே இரண்டு சாட்சி போதும். உங்களுக்கு இன்னும் என்ன வேண்டும்?

ப: சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேண்டும், அவ்வளவுதான். கண்டதை எழுதியதாக, யோவானைத் தவிர மற்ற மூன்று நூல்களும் சொல்வதே இல்லை, “மாற்கு எழுதியது” என்ற தலைப்பெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. இயேசு பேசியது அராமிக், நூல்கள் இருப்பது கிரேக்கத்தில். மாற்கு கி.பி. 70-ஐ ஒட்டி, மற்றவை அதற்கும் பிறகு என்பதுதான் பொதுவான கணக்கு. மத்தேயுவும் லூக்காவும் மாற்குவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியவர்கள், பல இடங்களில் வார்த்தைக்கு வார்த்தை. நீதிமன்றத்தில் மூன்று சாட்சி ஒரே வாக்கியத்தைச் சொன்னால் நீதிபதி என்ன நினைப்பார்?

ஒத்துப்போகாத இடமும் உண்டு. மத்தேயு கணக்கில் பெரிய ஏரோது உயிரோடு இருந்தபோது இயேசு பிறந்தார், ஏரோது செத்தது கி.மு. 4-ல். லூக்கா கணக்கில் சிரேனியு சீரியாவை ஆண்டபோது எடுத்த குடிமதிப்பின்போது பிறந்தார், அது கி.பி. 6. கிட்டத்தட்ட பத்து வருடம் இடிக்கிறது.

ஆனால் என்னை இதைவிடத் தொடுவது சாகிற காட்சி. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். மாற்கில் அவர் சொல்வது “ஏலோயீ, ஏலோயீ, லாமா சபக்தானி”, என் தேவனே ஏன் என்னைக் கைவிட்டீர். சத்தமிட்டுச் சாகிறார். மத்தேயு அதை அப்படியே வைத்துக்கொள்கிறார். லூக்காவுக்கு அது பிடிக்கவில்லை, அந்தக் கதறலை எடுத்துவிட்டு “உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்” என்று வைக்கிறார். யோவானில் எல்லாம் திட்டப்படி நடந்ததுபோல “முடிந்தது” என்று தலையைச் சாய்க்கிறார். வருடம் ஆக ஆக வலி குறைந்து கம்பீரம் கூடுகிறது. எழுதியவர்கள் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை, அவர்களுக்கு அந்தக் கதறல் தாங்கவில்லை. எனக்கு மாற்கின் மனிதரைத்தான் நம்பத் தோன்றுகிறது. கைவிடப்பட்டேன் என்று கத்திச் செத்த ஒரு மேசியாவை யாரும் உட்கார்ந்து கற்பனை செய்யமாட்டார்கள்.

ஞானஸ்நானமும் இதே கதை. பாவமன்னிப்புக்காக யோவான் ஸ்நானகன் (சுவிசேஷத்து யோவான் வேறு) கொடுத்த முழுக்கை இயேசு வரிசையில் நின்று வாங்கிக்கொள்கிறார் மாற்கில். மத்தேயுவில் யோவான் “நானா உமக்கு?” என்று தயங்குகிறார். லூக்கா யோவானைச் சிறைக்கு அனுப்பிவிட்டு அப்புறம்தான் முழுக்கைச் சொல்கிறார், யார் கொடுத்தது என்று சொல்லவே இல்லை. நாலாம் சுவிசேஷத்தில் முழுக்குக் காட்சியே கிடையாது. மூடி மறைக்க இவ்வளவு பாடுபட்ட விஷயம் நடந்திருக்கத்தான் வேண்டும்.

கே: அப்படியானால் உயிர்த்தெழுதல்? சீடர்கள் பொய்க்காகவா உயிரைக் கொடுத்தார்கள்?

ப: பொய் என்று நினைக்கவில்லை. கண்டோம் என்று உண்மையாகவே நம்பினார்கள் என்றுதான் நினைக்கிறேன், நம்பியதற்கும் நடந்ததற்கும் நடுவில் நிறைய தூரம் உண்டு. பவுல் கொடுக்கிற பட்டியலில் கேபா (பேதுருதான்), பன்னிருவர், ஐந்நூறு பேர், யாக்கோபு, அப்போஸ்தலர் எல்லோரும், கடைசியாகப் பவுல் தானே. தான் கண்டதையும் மற்றவர்கள் கண்டதையும் ஒரே வரிசையில் வைக்கிறார், ஆனால் அவர் கண்டது வருடங்கள் கழித்து. காலிக் கல்லறைக்குப் போன பெண்கள் அந்தப் பட்டியலில் இல்லை. மாற்குவின் மிகப் பழைய பிரதிகளோ பதினாறாம் அதிகாரம் எட்டாம் வசனத்தோடு நின்றுவிடுகின்றன. பெண்கள் பயந்து ஓடினார்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, முற்றும். அதற்குப் பிறகு நீங்கள் படிக்கிற பன்னிரண்டு வசனம் பின்னால் சேர்ந்தது.

இறந்துபோனவரைப் பார்த்தேன், குரலைக் கேட்டேன் என்று சொல்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு, அவர்கள் யாரும் பொய்யர் இல்லை. நம்பிக்கை பொய்த்தால் கூட்டம் கலைந்துவிடும் என்பதும் இல்லை. 1844 அக்டோபர் 22-ல் கிறிஸ்து வருகிறார் என்று அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் ஆட்கள் இரவெல்லாம் காத்திருந்தார்கள். விடிந்தது. அழுதார்கள். பலர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆனால் ஒரு பிரிவு, தேதி சரிதான், நடந்தது பூமியில் இல்லை பரலோகத்தில் என்று கண்டுபிடித்தது. அதிலிருந்துதான் 1863-ல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை உருவானது, இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கிறது.

கே: இயேசுவின் உடலைச் சுற்றியது என்கிற டூரின் துணி?

ப: 1988-ல் மூன்று ஆய்வகங்கள் தனித்தனியாகக் கார்பன் சோதனை செய்தன. 1260-க்கும் 1390-க்கும் இடையில் நெய்தது.

கே: கடவுள் இல்லையென்றே வைத்துக்கொள்வோம். நல்ல போதகர், ஏழைகளின் தோழர், புரட்சியாளர் என்றாவது ஏற்கலாமே?

ப: இதில்தான் எல்லோரும் வழுக்குவது. தாமஸ் ஜெஃபர்சன் என்ன செய்தார் தெரியுமா? அமெரிக்க ஜனாதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற மனிதர், 1820 வாக்கில், கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் நாலு மொழிப் புதிய ஏற்பாட்டையும் எடுத்துவைத்துக்கொண்டு கத்தியால் பத்தி பத்தியாக வெட்டினார். அற்புதங்கள் வெளியே, போதனைகள் உள்ளே. வெட்டியதைப் பத்திகளாக ஒட்டிப் புத்தகம் கட்டினார். கல்லறை வாசலில் பெரிய கல்லைப் புரட்டி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்பதோடு அது முடிகிறது. அந்த முடிவு எனக்குப் பிடிக்கும். ஆனால் வெட்டி முடித்தபின் கிடைத்த இயேசு யார்? நிதானமாக, பகுத்தறிவோடு, ஒழுக்கம் பேசுகிற ஒரு கனவான். அதாவது ஜெஃபர்சன்.

இறையியலாளர் ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1906-லேயே இதைத்தான் சொன்னார், ஒவ்வொருவரும் தன் சாயலில் ஒரு இயேசுவைச் செய்துகொள்கிறார்கள் என்று. அவர் பார்த்த இயேசு, உலகம் சீக்கிரம் முடியப்போகிறது என்று நம்பிய தீர்க்கதரிசி. “இங்கே நிற்கிறவர்களில் சிலர் தேவராஜ்யத்தைக் காணுமுன் மரிப்பதில்லை” என்று மாற்கில் வருகிறது. எல்லோரும் மரித்துவிட்டார்கள். நாளைக்கு வேண்டியதைப் பற்றிக் கவலைப்படாதே, உடைமைகளை விற்றுவிடு என்பதெல்லாம் அந்த அவசரத்தில் பேசியவை, வருடக்கணக்கில் குடும்பம் நடத்த எழுதிய ஒழுக்க நூல் இல்லை. நல்ல சமாரியன் கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும். அத்தி மரத்தைப் பருவம் இல்லாத காலத்தில் காய்க்கவில்லை என்று சபித்த கதையைப் படித்தால் மரத்தின் பக்கம்தான் நிற்கத் தோன்றும். இரண்டும் ஒரே புத்தகக் கட்டில் இருக்கிறது, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு “இதுதான் இயேசு” என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

கே: கோடிக்கணக்கானவர்கள் நம்புகிறார்கள். அத்தனை பேரும் முட்டாள்களா?

ப: இல்லை. பவுல் எழுதியது எத்தனை கடிதம், சிரேனியு எந்த வருடம் என்று பார்த்துவிட்டு யாரும் விசுவாசத்துக்குள் வருவதில்லை, அதனால் அதைச் சொல்லி யாரையும் வெளியே கொண்டுவரவும் முடியாது. என் நண்பர் ஒருவர் ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில் இருந்தபோது, இருபத்து மூன்றாம் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னார். சுற்றி இருந்தவர்களில் குரல் உடையாமல் வாசிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான், நம்பாதவன் என்பதால் இருக்கலாம். “மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும் பொல்லாப்புக்குப் பயப்படேன்” என்ற இடத்தில் அவர் உதடு கூடவே அசைந்தது. அவரிடம் போய் இதற்கு வரலாற்று ஆதாரம் என்ன என்று கேட்கிறவனோடு எனக்கும் பேச்சு இல்லை. நானும் கேட்கவில்லை, மறுநாளும் போய் வாசித்தேன்.

அதே விசுவாசம், குழந்தைக்கு மருந்து கொடுக்காதே, ஜெபம் போதும் என்று சொன்னால் அங்கே நான் ஒரு அங்குலம் நகரமாட்டேன்.

கே: நான் சபை ஊழியரின் மகள். பைபிளை ஒழுங்காகப் படிக்கப் போய்த்தான் விசுவாசம் போய்விட்டது. அம்மாவிடம் சொல்லிவிடலாமா? பொய்யாக நடிப்பது தாங்கவில்லை.

ப: உங்கள் சாப்பாடும் படிப்பும் இருப்பிடமும் அவர்கள் கையில் இருந்தால் இப்போது வேண்டாம். அது கோழைத்தனம் இல்லை, கணக்கு. சொந்தக் காலில் நின்றபிறகு சொல்லுங்கள், அப்போதும் வாதமாகச் சொல்லாதீர்கள். ஏரோது செத்த வருடத்தை அம்மா தலையில் போடாதீர்கள். “என்னால் நம்ப முடியவில்லை அம்மா” என்பது போதும், அதை மறுக்க வசனம் கிடையாது. அம்மா அழுவார்கள். நீங்கள் நரகத்துக்குப் போய்விடுவீர்கள் என்று நிஜமாகவே பயந்து அழுவார்கள், உங்களை அவமானப்படுத்த இல்லை. அந்தப் பயம் எனக்கும் உங்களுக்கும் இல்லாத ஒன்றைப் பற்றியது என்றாலும் பயம் நிஜம். நடிக்க முடியாத இடத்தில் நடிக்காதீர்கள், ஆராதனையில் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா இருப்பது நடிப்பில் சேராது.

கே: உங்கள் மனந்திரும்புதலுக்காகத் தினமும் பெயர் சொல்லி ஜெபிக்கிறேன். ஆட்சேபணை உண்டா?

ப: ஒன்றும் இல்லை, நன்றி. ஜெபித்து முடித்ததும் பைபிளை மூடும் முன் மாற்கு பதினாறாம் அதிகாரத்தைத் திறந்து, எட்டாம் வசனத்துக்குக் கீழே அடிக்குறிப்பு ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று பார்த்து எழுதுங்கள். உங்கள் பதிப்பில் இல்லையென்றால் பக்கத்து சபைக்காரரின் பதிப்பில் பாருங்கள்.